ஆணி அடிக்காமல் ஒரு கொலு

எங்கள் வீட்டு உரிமையாளர் தங்கமானவர். வாடகை இரண்டு நாள் தள்ளிப்போனாலும் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டால் செருப்புக்கூடப் போடாமல் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார். குடிவந்த முதல் வாரம் ஒரு காலண்டருக்காக அது நடந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது.

இந்த வீட்டில்தான் 2024 நவராத்திரிக்குக் கொலு வைக்க வேண்டிவந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி. "இனிமேல் என்னால் படி கட்டி இறக்க முடியாது. பொம்மைகளை நீ எடுத்துக்கொண்டு போ" என்று ஆவணியிலேயே சொல்லிவிட்டார். அவர் வைத்திருந்த மரப்படிகளைக் கரையான் தின்று நாளாகிவிட்டது. கடைசி சில வருடங்களாக அரிசி டின்களின் மேல்தான் கொலு. ஆகவே எனக்கு வந்து சேர்ந்தது ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் 43 பொம்மைகள். படி என் பொறுப்பு.

மடக்கி வைக்கக்கூடிய இரும்புக் கொலுப்படிக்குக் கடையில் விலை கேட்டேன். ஐந்து படிக்கு ஆறாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். பத்து நாள் உபயோகம், மீதி நாளெல்லாம் கட்டிலுக்கு அடியில் தூக்கம். மனம் ஒப்பவில்லை. மனைவியும் நானும் உட்கார்ந்து பேசி ஒரு கணக்கு வைத்தோம்: புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் விளக்கு, பொங்கலுக்கு ஊர் வீட்டுத் திண்ணைச் சுவருக்கு வெள்ளை. மூன்றுக்கும் சேர்த்து 2,000 ரூபாய். அதற்குமேல் ஒரு பைசா கிடையாது. "ஆணியும் கிடையாது" என்று மகள் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்பது வயது. வீட்டு உரிமையாளர் இறங்கி வந்த காட்சியை அவள் இன்னும் மறக்கவில்லை.

படிகள்

முதலில் அட்டைப்பெட்டிகளை மட்டும் அடுக்கிப் படி கட்டிவிடலாம் என்று நினைத்தேன். காகிதத்தில் வரைந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. முதல் படிக்கு ஒரு வரிசைப் பெட்டி, இரண்டாம் படிக்கு இரண்டு வரிசை, ஐந்தாம் படிக்கு ஐந்து. கூட்டினால் 15 வரிசை. நான்கு அடி அகலத்துக்கு ஒரு வரிசையில் நான்கு பெட்டி என்றால் 60 பெட்டிகள். அத்தனையும் வாங்கி வந்தால் வீட்டில் நாங்கள் இருக்க இடமிருக்காது.

எனவே வீட்டில் உயரமாக என்னென்ன இருக்கிறது என்று அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சுற்றினேன். மகளின் படிப்பு மேசை 75 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழம், நான்கரை அடி நீளம். அதன் முன்பாதி நான்காம் படி. பின்பாதியில் பழைய வார இதழ்களைக் கட்டுக்கட்டாகச் சணலால் இறுக்கி 20 செ.மீ. உயரத்துக்கு அடுக்கினால் ஐந்தாம் படி. பொம்மைகள் வந்த இரும்புப் பெட்டியே காலியாகிவிட்டதல்லவா, அது 35 செ.மீ. உயரம், மூன்றடி நீளம். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியைச் சேர்த்தால் இரண்டாம் படி. செங்கல்லைப் படுக்கவைத்து இரண்டு வரிசை, மேலே பலகை, அது முதல் படி. மிச்சம் மூன்றாம் படி ஒன்றுதான். அதன் உயரம் 55 செ.மீ. இருக்க வேண்டும். வீட்டில் அந்த உயரத்தில் எதுவும் இல்லை. அதற்கு மட்டும் அட்டைப்பெட்டி.

பழக்கடையில் ஆப்பிள் பெட்டிகள் கிடைத்தன. ஒன்று 15 ரூபாய், ஒன்பது வாங்கினேன். ஏறக்குறைய 50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். ஆப்பிள் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. லாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மலையிலிருந்து இறக்கி வருகிறார்கள். கீழ்ப்பெட்டி நசுங்கினால் பழமும் நசுங்கும். அதனால் அந்த அட்டை கனமாக இருக்கும். பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டியெல்லாம் பார்ப்பதற்குத்தான் பெரிது.

கீழே நான்கு பெட்டி, மேலே நான்கு. மேல் வரிசைப் பெட்டிகளை 25 செ.மீ. உயரத்துக்கு வெட்டிக் குறைத்தேன். பெட்டிகளின் பின்பகுதி மேசைக்கு அடியில் நுழைந்துகொண்டது. முன்பக்கம் 30 செ.மீ. வெளியே நின்றது. மேலே பலகை போட்டேன். பார்க்க அருமையாக இருந்தது. பொம்மை ஏற்றுவதற்கு முன்னால் சோதித்துவிடலாம் என்று 25 கிலோ அரிசி மூட்டையை அதன் மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் எழுந்து பார்த்தால் மூட்டை சாய்ந்து, மேல் வரிசையில் நடு இரண்டு பெட்டிகள் கர்ப்பிணி வயிறு போலப் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தன. உள்ளே குறுக்கே அட்டை வைத்துத்தான் இருந்தேன். பிறகும் ஏன் இறங்கியது?

காரணத்தைக் கண்டுபிடித்தது மகள்தான், தற்செயலாக. நான் வெட்டிப்போட்ட துண்டு அட்டைகளை நிற்க வைத்து விளையாடிக்கொண்டிருந்தவள், "அப்பா, இது நிற்கிறது, இது மடங்குகிறது" என்றாள். எடுத்துப் பார்த்தேன். அட்டையின் நடுவில் அலை அலையாக ஒரு தாள் ஓடுகிறது இல்லையா, அந்த வரிகள் மேலிருந்து கீழாக நின்றால் ஒவ்வொரு வரியும் ஒரு சின்னத் தூண். உள்ளங்கையால் அழுத்தினாலும் அசையாது. அதே துண்டைத் திருப்பி, வரிகள் படுத்த நிலையில் அழுத்தினால் பாய் சுருட்டுவது போல மடங்குகிறது. பெட்டியைச் செய்தவர்கள் சுவர்களில் வரியை நிற்க வைத்துத்தான் செய்திருந்தார்கள். நான் உள்ளே செருகிய குறுக்கு அட்டைகளைத்தான் நீளம் போதவில்லை என்று படுக்கை வரியாக வெட்டியிருந்தேன். போதாக்குறைக்கு மேல்மூடியையும் வெட்டி எடுத்ததில் பெட்டியின் வாய்க்கு இருந்த பிடிப்பும் போய்விட்டது.

மறுபடி வெட்டினேன். இந்த முறை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு குறுக்குத் துண்டுகள், பாதியளவு வெட்டி ஒன்றில் ஒன்று செருகிக் கூட்டல் குறி போல, வரிகள் நின்ற நிலையில். வாயைச் சுற்றி நான்கு பக்கமும் அகலமான ஒட்டுநாடா. இடைவெளிகளில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தேன். மீண்டும் அரிசி மூட்டை, மீண்டும் ஓர் இரவு. ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஒன்று சொல்லிவிட வேண்டும்: மழைக்காலக் காற்றின் ஈரத்தில் அட்டை தொய்ந்துபோகும். தரையோடு பெட்டியை வைக்காமல் அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் பாயை விரித்துக்கொள்ளுங்கள்.

பலகைக்குத்தான் அதிர்ஷ்டம். பழைய சாமான் கடையில் ஒரு நான்கடிக் கட்டிலைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் குறுக்குப் பலகைகள் சரியாக நான்கடி நீளம், அரை அடி அகலம். ரம்பத்துக்கே வேலை இல்லை. படிக்கு இரண்டு பலகை வீதம் நான்கு படிக்கு எட்டு. மேசைக்குப் பலகை தேவையில்லை. 400 கேட்டார், 300க்குக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை, மேலே அப்பாவின் எட்டு முழ வேட்டி விரியப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள்?

பின்னால் திரை கட்டும் வேலையில்தான் ஆணி விவகாரம் வந்தது. இருபக்கமும் ஒட்டும் நாடாவில் கொக்கி ஒட்டி மாட்டலாம் என்று முதலில் முயன்றேன். கொக்கி உறுதியாகத்தான் ஒட்டியது. சுவரின் பெயிண்ட்தான் உறுதியாக இல்லை. புடவையை மாட்டிய அரை மணி நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு டிஸ்டெம்பர் உரிந்து கொக்கியோடு கீழே வந்தது. சின்ன டப்பா பெயிண்ட் 110 ரூபாய்க்கு வாங்கி அடித்தேன், நிறம் ஒத்துப்போகவில்லை. இப்போது அந்த இடத்தில் பீரோ நிற்கிறது. உரிமையாளர் இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பிறகு சுவரைத் தொடாத வழி ஒன்று கிடைத்தது. 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு, தெரு முனையில் வேலை செய்துகொண்டிருந்த பெயிண்டர் சும்மா கொடுத்தார். எதிர் வீட்டுக் கட்டட வேலையில் கொத்தனாரிடம் கேட்டுப் பாதி வாளிக்கு மணல். ஏழடிச் சவுக்குக் கம்பு இரண்டை வாளிகளின் நடுவில் நட்டு, மணலைக் கொஞ்சம் நனைத்து, கட்டைவிரலால் குத்திக் குத்தி இறுக்கி, மேலே அரைச் செங்கல்லைச் சுற்றிலும் செருகினேன். குறுக்கே மூன்றாவது கம்பைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினேன். அம்மாவின் பழைய மதுரைச் சுங்குடிப் புடவை, கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளி, அதில் வந்து தொங்கியது. வாளிகளின் மேல் மிச்சமிருந்த முந்தானைத் துணியைச் சுற்றிவிட்டேன். மூன்று கம்பும் சேர்த்து 240 ரூபாய். இந்தச் சட்டத்தில்தான் மாவிலைத் தோரணமும் ஏறியது, சின்ன விளக்குச் சரமும் ஏறியது. விளக்குச் சரத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பொம்மைக்கு முன்னால் தொங்கவிடாதீர்கள், கண்ணைக் கூசும். ஒவ்வொரு பலகையின் முன்விளிம்புக்கு அடியில் மறைவாக ஒட்டினால் வெளிச்சம் கீழ்ப்படிப் பொம்மைகளின் பின்னாலிருந்து பரவும்.

செட்டியாரின் முகம்

பொம்மைகளை வெளியே எடுத்த அன்று நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. எல்லாவற்றிலும் தூசி. ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். தசாவதாரம் பளிச்சென்று வந்தது. அதே உற்சாகத்தில் செட்டியாரை எடுத்து ஒரு தேய். துணியில் ஒரு இளஞ்சிவப்புக் கறை. செட்டியாருக்கு வலது கன்னமும் பாதி மீசையும் இல்லை.

தசாவதாரம் சமீபத்தில் வாங்கியது, எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தது. செட்டியார் தம்பதி அப்படியல்ல. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த பண்ருட்டி மண் பொம்மைகள். பசையில் குழைத்த பொடிச் சாயம் பூசியது. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஏண்டா, மண் பொம்மையை ஈரத் துணியால் துடைப்பார்களா? அறுபது வருஷமாகக் கோழி இறகால் தட்டித் தட்டிக் காப்பாற்றி வைத்திருந்தேன்" என்றார். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "செட்டியாரம்மாவுக்குக் கை உடைந்திருக்கும், அதையும் சேர்த்துச் சரிசெய்துவிடு" என்று வைத்துவிட்டார். அந்தக் கை எப்போது உடைந்தது, யார் உடைத்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குக் கிரிக்கெட் பந்து ஒன்று ஞாபகம் வருகிறது.

கையில் ஆரம்பித்தேன். முன்கை துண்டாகப் பெட்டியின் அடியில் கிடைத்தது. இரண்டு விரல்கள் கிடைக்கவில்லை. வெறுமனே ஒட்டினால் நிற்காது. உடைந்த இரண்டு முகங்களிலும் மெல்லிய துளைக்கும் ஊசியைக் கையாலேயே திருகித் திருகி அரை அங்குல ஆழத்துக்கு ஓட்டை போட்டேன். மண் பொம்மைக்கு மின்சாரத் துளைப்பான் வேண்டாம், பிளந்துவிடும். பழைய ஒயரிலிருந்து உருவிய செப்புக் கம்பி ஒன்று எலும்பாக உள்ளே போனது. உடைந்த முகத்தில் மண்தூள் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தண்ணீர் விட்ட பெவிகாலை ஒரு கை பூசி ஓர் இரவு காயவிட்டேன். மறுநாள் எம்-சீல். இரண்டு பொட்டலத்திலிருந்தும் சம அளவு எடுத்து, ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும். ஒரு கோடு தெரிந்தாலும் அந்த இடம் இறுகாது. அரை மணி நேரத்துக்குள் கைவேலையை முடித்துவிட வேண்டும். விரலை அடிக்கடி தண்ணீரில் தொட்டுக்கொண்டால் கையில் ஒட்டாமல் வழவழப்பாக வரும். காணாமல் போன இரண்டு விரல்களையும் அதிலேயே உருட்டி வைத்தேன். செட்டியாரம்மாவுக்கு இப்போது மோதிர விரல் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். வளையல் வரைந்து பார்வையை அங்கே இழுத்துவிட்டேன்.

கன்னத்துக்கு சாக்பொடியையும் பெவிகாலையும் தோசைமாவுப் பதத்தில் குழைத்து இரண்டு பூச்சு. காய்ந்த பிறகு 220ஆம் எண் உப்புத்தாள், பிறகு 400. ஹாலில் உட்கார்ந்து தேய்த்ததில் சோபாவுக்கெல்லாம் திருநீறு பூசியதுபோல ஆயிற்று. மீதியை மொட்டை மாடியில் தேய்க்கும்படி மனைவியிடமிருந்து உத்தரவு வந்தது.

நிறம் கலப்பதில் ஒரு சிக்கல். மஞ்சள் காவி, வெள்ளை, ஒரு துளி சிவப்பு, ஊசி முனையளவு நீலம். தட்டில் பார்க்கும்போது செட்டியாரின் இடது கன்னத்தோடு அச்சாகப் பொருந்தியது. காய்ந்ததும் ஒரு படி கருத்துவிட்டது. அக்ரிலிக் வண்ணத்தின் குணம் அது. ஈரத்தில் வெளுப்பாகத் தெரியும். சற்று வெளிறிய கலவையாக மறுபடி பூசினேன். அது வேறு மாதிரி பொருந்தவில்லை. கடைசியில் ஒட்டுப்போடும் எண்ணத்தைக் கைவிட்டு முகம் முழுவதையும் பூசிவிட்டேன்.

முகம் பூசினால் கண் வரைந்தாக வேண்டும். பொம்மைக்காரர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். முதல் தடவை செட்டியார் ஏதோ கேட்டுப் பயந்துபோனவர் போல விழித்தார். ஈரம் காய்வதற்குள் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். இரண்டாம் தடவை ஒன்றரைக் கண். மூன்றாம் தடவைக்கு முன்னால் கையைக் கவனித்தேன்: மணிக்கட்டு அந்தரத்தில் நின்றதால்தான் நடுங்குகிறது. சுண்டு விரலைச் செட்டியாரின் தொப்பையில் ஊன்றிக்கொண்டேன், மூச்சை வெளியே விட்டுவிட்டு, விடும்போதே கோட்டை இழுத்தேன். மேலிமை ஒரே இழுப்பில் வந்தது. அடுத்தது கருவிழி, அதை வட்டமாக வரையாமல் மேலிமையில் தொங்குகிற மாதிரி வரைந்தால் பார்வை சாந்தமாகிவிடுகிறது. வெள்ளைப் புள்ளி ஒன்று, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கமாக. மீசை மகளுக்கு ஒதுக்கப்பட்டது. அவள் நுனியைக் கொஞ்சம் முறுக்கி விட்டுவிட்டாள். செட்டியார் இப்போது கடனைத் திருப்பிக் கேட்கக்கூடியவர் போல இருக்கிறார்.

புதுப் பொம்மை ஒன்றாவது ஒவ்வொரு வருடமும் வாங்க வேண்டும் என்பது வழக்கம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரி நெருங்கும்போது நடைபாதையெல்லாம் பொம்மை. 350 ரூபாய்க்கு ஒரு கீரைக்காரி வாங்கினோம். மகள் கிரிக்கெட் விளையாடும் பொம்மை செட்டைக் கேட்டாள். பட்ஜெட் என்ற சொல்லுக்கு அன்றுதான் அவளுக்குப் பொருள் புரிந்தது.

எறும்பும் பூங்காவும்

கொலுவுக்கு முன்னால் தரையில் பூங்கா வைப்பது மகளின் துறை. ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டில் தேங்காய்நார்த் தூளும் மண்ணும் கலந்து ஒரு அங்குலம் பரப்பி, இரவெல்லாம் ஊறிய கேழ்வரகைத் தூவினோம். கடுகும் சீக்கிரம் முளைக்கும், ஆனால் தண்டு நீண்டு இலை விரிந்து தலை சாயும். கேழ்வரகுதான் உண்மையான புல்தரை மாதிரி ஊசி ஊசியாக வரும். ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். இரண்டாம் நாள் திறந்தால் கால் பங்கு மண் வெறுமையாக இருக்கிறது. சுவரோரம் ஓர் எறும்பு வரிசை, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கேழ்வரகு. மனைவி சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள்.

தண்ணீர் ஊற்றிய பெரிய தாம்பாளத்தில் இரண்டு செங்கல்லை வைத்து அதன் மேல் தட்டை வைத்தோம். பாட்டி வீட்டில் பால் பாத்திரத்தைக் காப்பாற்றிய அதே தந்திரம். மறுபடி விதைத்தது செப்டம்பர் 27. அக்டோபர் 2, காந்தி ஜயந்தி விடுமுறை, அன்றே மகாளய அமாவாசையும். மாலையில் பொம்மைகளைப் படியேற்றியபோது புல் ஒரு அங்குலம் இருந்தது. உடைந்த கண்ணாடித் துண்டுக்குப் பதிலாகப் பழைய முகப்பவுடர் டப்பாவின் மூடிக் கண்ணாடி குளமாயிற்று. பழுப்புக் காகிதத்தைக் கசக்கிக் கசக்கிக் கஞ்சி தடவிக் காயவைத்தது மலை. செங்கல் பொடி தூவிய பாதை. நாலைந்து நாளில் புல் இரண்டு மடங்கு உயர்ந்து, பூங்காவில் நிறுத்திய மான் காணாமலே போய்விட்டது. கத்தரிக்கோலால் முடி வெட்டினோம்.

நான்காம் நாள் மாலை சுண்டலுக்கு வீட்டு உரிமையாளர் குடும்பத்தோடு வந்தார். பொம்மைகளைப் பார்ப்பதற்கு முன் சுவர்களைத்தான் பார்த்தார், மேலிருந்து கீழாக, நிதானமாக. திரை எதில் தொங்குகிறது என்று புரியாமல் புடவையை விலக்கி வாளியைக் கண்டுபிடித்தார். கால் நுனியால் ஒரு தட்டுத் தட்டினார். அசையவில்லை. "இவ்வளவு சிரமத்துக்கு ஓர் ஆணியே அடித்திருக்கலாமே" என்றார். நான் பீரோவை நோக்கிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

விஜயதசமி அக்டோபர் 12. இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு மறுநாள் எடுத்து வைத்தோம். செய்தித்தாளை நேராகச் சுற்றாதீர்கள், மை முகத்தில் ஏறும். முதலில் பழைய வேட்டித் துணி, அதன் மேல் தாள். மூன்றாம் படியாக நின்ற ஆப்பிள் பெட்டிகளே பொம்மைகளுக்கு வீடாயின. உள்ளே கூட்டல் குறித் தடுப்பு ஏற்கெனவே இருக்கிறது, பெட்டிக்கு நான்கு அறை. அந்துருண்டை போட்டு, ஒவ்வொரு படியையும் செல்போனில் எடுத்த படத்தை அச்செடுத்து மூடியில் ஒட்டினேன். அதுவரையான செலவு 1,400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சுண்டல் தனிக் கணக்கு.

கார்த்திகை

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 24 அகல், ஒன்று நான்கு ரூபாய். புது அகலை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தால் எண்ணெயை அதிகம் குடிக்காது. கொலுவில் மிஞ்சிய வண்ணத்தை வெளிப்பக்கம் பூசினோம். மகள் மூக்கு வரைக்கும் பூசிவிட்டாள். ஏற்றிப் பார்த்தபோது திரி பட்ட இடத்தில் வண்ணம் பொரிந்து நாற்றம். அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்தோம். மூக்கையும் உள்பக்கத்தையும் வெறும் மண்ணாகவே விட்டுவிடுங்கள்.

கார்த்திகை தீபம் டிசம்பர் 13. அந்த வாரம் சென்னையில் நல்ல மழை. மாலையில் ஓய்ந்தாலும் காற்று நிற்கவில்லை. கைப்பிடிச் சுவரில் ஏற்றிய விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது. காலியாகக் கிடந்த மண் பூந்தொட்டிகளைப் படுக்கவைத்து, வாயை வீட்டுப் பக்கம் திருப்பி, உள்ளே ஒவ்வொரு அகலை வைத்தேன். சுடர் அசையவில்லை. தொட்டியின் அடித்துளை வழியாகத் தெருவுக்கு ஒரு ரூபாய்க் காசளவு வெளிச்சம் போனது. திட்டம் போட்டுச் செய்தது இல்லை, ஆனால் அந்த இரவில் வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தொட்டிக்குள் படிந்த கரியை இன்னும் கழுவவில்லை.

சுண்ணாம்பு

பொங்கலுக்கு ஊருக்குப் போனது ஜனவரி 11, சனிக்கிழமை. திண்ணைச் சுவர் பாசி பிடித்து, அடியில் உப்புப் பூத்து நின்றது. கும்பகோணத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஐந்து கிலோ வாங்கினேன். பக்கத்து வீட்டு மாமா, "பெயிண்ட் அடித்துவிடு தம்பி, காலம் மாறிவிட்டது" என்றார். மண்ணும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமான பழைய சுவர் அது. ஈரம் உள்ளே வரும், போகும். மேலே பெயிண்டைப் பூசி அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளமாக உரியும். திண்ணையின் கீழ்ப்பகுதியில் யாரோ எப்போதோ அடித்த பச்சை எண்ணெய்ப் பெயிண்டே அதற்குச் சாட்சி. அதைச் சுரண்டி எடுக்கத்தான் பாதி நாள் போயிற்று.

சுண்ணாம்பை நீற்றுவது வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் விளையாட்டல்ல. அலுமினியப் பாத்திரம் கூடாது, அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகும். பழைய மண் பானை. தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். சுர்ரென்று பொங்கி, சாதம் கொதிப்பது போலக் கொதித்தது. அம்மா திண்ணையிலிருந்தே, "முகத்தைக் கொண்டுபோய் நீட்டாதே, கண்ணாடி போட்டுக்கொள், கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்" என்று கட்டளையிட்டார். ஓர் இரவு ஊறியபின் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியும் சிட்டிகை நீலமும் சேர்த்தேன். பிரஷ்ஷுக்குச் செலவில்லை, தேங்காய் மட்டையை ஊறவைத்து நுனியைக் கல்லால் தட்டிப் பிரித்தால் போதும்.

முதல் பூச்சை உச்சி வெயிலில் காய்ந்த சுவரில் அடித்தேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. தொட்டால் கையோடு மாவாக வந்தது. அம்மா எழுந்து வந்து சுவரில் விரலை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரைச் சுவரில் விசிறச் சொன்னார். "குடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் பூசவேண்டும்." சுண்ணாம்பு காற்றை உள்வாங்கி மெல்லத்தான் கல்லாகிறது, அதற்குள் ஈரம் வற்றிவிட்டால் வெறும் தூளாக நின்றுவிடும். உதிர்ந்ததைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, நனைத்து, வெயில் சாய்ந்தபின் மெல்லிசாக மறுபடி. ஈரத்தில் ஒன்றுமே தெரியாது, தண்ணீரைத் தடவியது போலத்தான் இருக்கும். அங்கேதான் ஆள் ஏமாந்து கெட்டியாகப் பூசிவிடுவான். காய்ந்ததும் அது செதில் செதிலாக விழும். நான் இரண்டு முழம் தூரம் ஏமாந்தேன். அந்த இரண்டு முழமும் போகிக்குள் விழுந்தது.

போகியன்று, 13ஆம் தேதி விடிகாலை, மூன்றாம் பூச்சு. மாலையில் அம்மா ஒரு மோடாவைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செங்காவியைக் கரைத்து, முழங்கால் உயரத்துக்குப் பட்டை பட்டையாக இழுத்தார். அளவுகோல் இல்லை, கயிறு இல்லை, நான்கு விரல் அகலம் வெள்ளை, நான்கு விரல் அகலம் சிவப்பு. மோடாவை நகர்த்துவது என் வேலை. காவிக்கும் நீலத்துக்கும் சேர்த்து 60 ரூபாய், சுண்ணாம்புக்கு 200. மொத்தக் கணக்கில் 240 ரூபாய்க்கும் மேல் மிச்சமிருந்தது. மகள் அதைக் கிரிக்கெட் பொம்மைக்கென்று அப்போதே எழுதி வாங்கிக்கொண்டாள்.

மிஞ்சிய சுண்ணாம்பு அரைப் பானை இருந்தது. கொட்டிவிடவா என்று கேட்டேன். மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கிற மாதிரி ஊற்றி, தட்டுப்போட்டு மூடி, கொல்லையில் கிணற்றடி மூலையில் வைக்கச் சொன்னார். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த தைக்கு வெண்ணெய் போல இருக்குமாம். இப்போது வாரத்துக்கு ஒருமுறை போனில் சாப்பாடு, முழங்கால் வலி விசாரித்த பிறகு, பானையில் தண்ணீர் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.